மாமா குடிக்காத காப்பி

பகா அகதி முகாம், ஜோர்டான்
4 நவம்பர் 2018

அன்புத் தம்பி நுமானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் அக்கா சுஹைலா எழுதுவது. நிஜ சுஹைலா. இங்கே இந்த வருஷம் ஆலிவ் நன்றாகக் காய்த்திருக்கிறது. என் உடம்புக்கு ஒன்றும் இல்லை, வயிறு மட்டும் எரிகிறது. நீயும் உன் மனைவியும் சுகமாக இருக்க துஆ செய்கிறேன்.

உன் நாடகத்தைப் பார்த்துவிட்டேன். என் சலூன் டிவியில் வியாழக்கிழமைதோறும் ஓடுகிறது, கீழே அரபியில் எழுத்து வருகிறது. அகதி விண்ணப்பம் போட்டுவிட்டு, விசாரணைத் தேதி தள்ளித் தள்ளிப் போய், சிகாகோ பனியில் ஐஸ்கிரீம் வண்டி ஓட்டுகிற கரீமாக நீ வருகிறாய். நீதிபதி 'எந்த நாடு?' என்று கேட்கும்போது நீ முழிக்கிற முழி இருக்கிறதே! தலைக்குச் சாயம் பூசிக்கொண்டு உட்கார்ந்திருந்த என் சிநேகிதி உம் ஃபாதி சிரித்த சிரிப்பில் சாயத்தை நெற்றியெல்லாம் இழுவிக்கொண்டாள். நானும் சிரித்தேன். இல்லையென்று சொல்ல மாட்டேன்.

அதன்பிறகு கரீமின் அக்கா வந்தாள். குண்டுப் பெண், ஓட்டலுக்குப் போனாலும் வீட்டு ரொட்டியைக் கைப்பையில் கொண்டுபோகிறவள், நகரும் படிக்கட்டில் கால் வைக்கப் பயந்து 'யா அல்லாஹ்' என்று அலறுகிறவள். நீ அவளைக் கூப்பிட்டாய்: "சுஹைலா!"

உம் ஃபாதி என் பக்கம் திரும்பினாள். "அடியே, உன் தம்பி உன்னையே டிவில ஏத்திட்டான்டி! ரொட்டியைக் கூட விட்டு வைக்கல!"

"அது நான் இல்ல" என்றேன். வேறு என்ன சொல்வது? முப்பது வருஷமாக அங்கே ஒருத்தி என் பெயரில் வாழ்கிறாள், நாடகத்தில் வருவது அவள்தான் என்று சொல்லவா?

அப்போது உனக்கு மூன்று வயது, நினைவிருக்காது. நான் சொல்கிறேன். எனக்குப் பதினொன்று. அம்மாவின் பாஸ்போர்ட்டில் நம் இருவர் பெயரும் எழுதியிருந்தது, படம் கிடையாது. அமெரிக்காவிலிருந்து நம்மை அழைத்துப்போக ஃபவ்வாஸ் மாமா வந்திருந்தார். டாக்டர் என் மார்பைப் படம் பிடித்து, நுரையீரலில் நிழல் இருக்கிறது, இவள் பயணம் செய்யக் கூடாது என்றார். மாமாவுக்கு இங்கே ஒரு மகள் இருந்தாள், விஜ்தான், என் வயது, தாயில்லாதவள். அமெரிக்கக்காரியைக் கட்டுவதற்காக, தனக்குப் பிள்ளை இல்லை என்று அங்கே எழுதிக் கொடுத்திருந்தார் மாமா. அதனால் அவளைச் சொந்தப் பெயரில் அழைத்துப் போக வழியில்லை. என் இடம் காலியாக இருந்தது. என் பெயரை அவளுக்குப் போட்டு, என் பெருநாள் சப்பாத்தையும் காலில் போட்டு, விமானத்தில் ஏற்றினார். என்னை அத்தையிடம் விட்டுவிட்டு, ஒரு வருஷத்தில் அழைத்துக்கொள்கிறோம் என்றார்கள். நிழல் சில மாதத்தில் போய்விட்டது. ஆனால் சுஹைலாதான் ஏற்கெனவே அமெரிக்காவுக்குப் போய்விட்டாளே, இன்னொரு சுஹைலா எப்படிப் போவாள்?

அப்பாவும் அம்மாவும் அங்கேயே மண்ணுக்குள் போய்விட்டார்கள். அவர்களிடம் கேட்க எனக்கு எதுவும் மிச்சமில்லை. மாமாவிடம் இருக்கிறது. அவளிடமும் இருக்கிறது.

நான் கேட்பது ஒன்றே. இந்தக் கதையை உன் நாடகத்தில் எடு. பெயரோடு எடு. மாமா தன் கடையில் உட்கார்ந்து பார்க்க வேண்டும், பக்கத்தில் இருக்கிறவர்கள் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். அதுவரை போனில் என் குரல் உனக்குக் கிடையாது. அம்மா போனதிலிருந்தே அப்படித்தானே. எழுதுவதற்கு எந்தச் சத்தியமும் தடையில்லை.

உன் அக்கா,
சுஹைலா


பிரிட்ஜ்வியூ, சிகாகோ
22 டிசம்பர் 2018

என் கண்ணின் ஒளி, அக்கா சுஹைலாவுக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம். உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? வயிற்றுக்கு டாக்டரைப் பார்த்தீர்களா? இங்கே குளிர் மூக்கை அறுக்கிறது. ஐஸ்கிரீம் வண்டிக் காட்சி எடுக்கும்போது எனக்கு நிஜமாகவே ஜன்னி வந்துவிட்டது. டைரக்டர் 'பிரமாதமா நடிக்கறே' என்றார்!

நாடகம் உங்களுக்குப் பிடித்திருப்பது பெரிய சந்தோஷம். இரண்டாவது பாகத்துக்கும் ஒப்பந்தம் ஆகிவிட்டது. எழுதுகிற அறையில் நாங்கள் ஆறு பேர். அதில் ஒருவன் பாலஸ்தீனம் என்பது பாகிஸ்தானுக்குப் பக்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தான். இப்போது மக்லூபா சோற்றுப் பானையை எப்படிக் கவிழ்க்க வேண்டும் என்று எனக்கே பாடம் எடுக்கிறான்.

மாமா நலம். வயது எண்பதாகிறது, குனாஃபா இனிப்புக் கடையை இன்னும் அவரே திறந்து அவரே பூட்டுகிறார். ஊர்ச் சங்கத்துக்கு இந்த வருஷமும் அவர்தான் தலைவர். சுஹைலாவுக்கு, மன்னித்துக்கொள்ளுங்கள், அவளுக்கு முழங்காலில் ஆபரேஷன் ஆனது. இப்போது நடக்கிறாள்.

நாடகத்தில் வரும் அக்கா ஒரு கற்பனைப் பாத்திரம். எல்லா அக்காவையும் கலந்து செய்தது. நீங்கள் ஒருமுறை விசாவுக்கு மனுப் போட்டுப் பார்க்கலாமே? செலவை நான் பார்த்துக்கொள்கிறேன். உங்களுக்கு ஒரு கம்பளிக் கோட்டு அனுப்பியிருக்கிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தம்பி,
நுமான்


பகா முகாம்
10 ஜனவரி 2019

தம்பி நுமானுக்கு,

ஸலாம். நான் நலம். ஒரே கடிதத்தில் இரண்டு முறை என் உடம்பை விசாரித்திருக்கிறாய். கேட்டதற்கு ஒருமுறைகூடப் பதில் இல்லை. கோட்டு வந்தது. உம் ஃபாதிக்குக் கொடுத்துவிட்டேன்.

விசாவா? என்ன பெயரில் மனுப் போடட்டும், சொல். சுஹைலா என்றால், அவள் சிகாகோவில் முழங்கால் ஆபரேஷன் செய்துகொண்டு படுத்திருக்கிறாளே என்பார்கள்.

நீ எடுக்காவிட்டால் நான் எழுதிக்கொள்கிறேன். அம்மானில் அமெரிக்கத் தூதரகம் இருக்கிறது, எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். இன்ன தெருவில் இன்ன வீட்டில் சுஹைலா என்ற பெயரில் இருப்பவள் சுஹைலா இல்லை என்று ஒரு தாளில் எழுதிப் போட்டால் போதும். முழங்கால் வலியோடு அவள் விமானம் ஏறட்டும். தாளை எழுதி மேசையில் வைத்துவிட்டேன். ரமலான் வரை பொறுப்பேன்.

அக்கா


பிரிட்ஜ்வியூ
3 மார்ச் 2019

அன்பு அக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. உடம்பு சரியில்லை என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள், அதனால் சொல்லவில்லை. உங்கள் உடம்பையும் இந்தமுறை விசாரிக்கப் பயமாக இருக்கிறது.

கதையை எழுதிவிட்டேன். பாஸ்போர்ட், டாக்டர், விமானம், எல்லாம். அறையில் வாசித்துக் காட்டினேன். எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். மக்லூபா நண்பன் அழுதேவிட்டான். நான் கழிப்பறைக்குப் போய் வாந்தி எடுத்தேன்.

அக்கா, நீங்கள் கோபப்படுவீர்கள், இருந்தாலும் சொல்கிறேன். என்னைப் பள்ளிக்கூடத்துக்குக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனது அவள்தான். அம்மா துணி ஆலையில் இரவு வேலைக்குப் போனபோது எனக்குச் சோறு போட்டது அவள். இப்போது அவளுக்கு மூன்று பிள்ளைகள், பெரியவள் நர்ஸுக்குப் படிக்கிறாள். பெயர் பொய் என்று தெரிந்தால் குடியுரிமையைப் பறித்து ஏற்றி அனுப்பலாம். வக்கீல் நண்பனிடம் யார் என்று சொல்லாமல் கேட்டுப் பார்த்தேன்.

இன்னொன்று உங்களுக்குத் தெரியுமா என்று எனக்குத் தெரியவில்லை. பெற்ற அப்பாவை 'மாமா' என்று கூப்பிட்டுத்தான் அவள் வளர்ந்தாள். பெருநாளுக்கு அவர் வருவார், எனக்கும் அவளுக்கும் சமமாகக் காசு கொடுப்பார், 'அக்கா மகளே' என்பார். வீட்டுக்குள்ளேகூட ஒருநாளும் வேறுமாதிரிக் கூப்பிட்டதில்லை. நான் பெரியவனான பிறகுதான் அம்மா எனக்கு விஷயத்தைச் சொன்னாள். அதன்பிறகு பெருநாள் என்றாலே எனக்கு அந்தக் காசு கையில் சுடும்.

மாமாவை மட்டும் வைத்து எழுதினால் போதாதா? அவளை விட்டுவிடலாமே.

உங்கள் தம்பி


பகா முகாம்
20 மார்ச் 2019

நுமானுக்கு,

ஸலாம். நான் நலம். உன் வாந்தி நின்றிருக்கும் என்று நம்புகிறேன்.

அவள் உன் கையைப் பிடித்துப் பள்ளிக்கூடம் கூட்டிப்போன பெருமையை எனக்கு எழுதுகிறாயே, உனக்கு வெட்கமாக இல்லை? அந்தக் கை நான் பிடித்திருக்க வேண்டிய கை. எனக்கும் ஒரு தம்பி இருந்தான். மூன்று வயதில், வாயில் பிஸ்கட்டோடு டாக்ஸியில் ஏறிப் போய்விட்டான்.

நான் ஏன் போனில் பேசுவதில்லை என்று ஒருநாளும் நீ கேட்டதில்லை. அம்மா இறந்த அன்று போன் செய்தாய். நான் அழுதேன், நீயும் அழுதாய். பின்னால் வீடு நிறையப் பெண்கள். ஒருத்தி சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது: "பாவம் சுஹைலா, ஒரே மக, எப்படித் தாங்குவா! சுஹைலா, அழாதம்மா." எனக்குச் சொல்லவில்லை, நுமான். அவளுக்குச் சொன்னார்கள். என் அம்மாவின் சாவில் என் துக்கத்தையும் அவளிடம் கேட்டார்கள். நான் போனை வைத்தேன். அன்றோடு சரி.

எனக்குப் பழி வேண்டும். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. முடி வெட்டும்போதும், மணப்பெண்ணுக்குக் கொத்தாகப் பூ வைக்கும்போதும், தொழும்போதும்கூட இதையே நினைக்கிறேன். பொல்லாத பொம்பளை என்று நீ நினைத்துக்கொள்.

ஒன்று மட்டும் கேட்டுச் சொல். அவள் ஜாடையாகக்கூட என்னைப் பற்றிப் பேசியதில்லையா? நாங்கள் இரண்டு பேரும் ஒரே பாயில் படுத்தவர்கள். அவள் தலையில் பேன் பார்த்தது நான். அந்தச் சப்பாத்தாவது அவளுக்கு நினைவிருக்கிறதா? சிவப்பு, பக்கவாட்டில் கொக்கி.

சுஹைலா


பிரிட்ஜ்வியூ
14 ஏப்ரல் 2019

அன்பு அக்காவுக்கு,

ஸலாம். நலம் விசாரிக்க நேரமில்லை. இதைத் தபாலில் போடாமல், நாளை அம்மானுக்குப் பறக்கும் ஒரு நண்பன் கையில் கொடுத்து அனுப்புகிறேன்.

மாமாவுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. நடிக்க வந்தவர்களில் யாரோ அவர் கடையில் குனாஃபா தின்றுகொண்டே கதையைச் சொல்லியிருக்கிறான். நேற்று வீட்டுக்கு வந்தார். கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"உங்க அப்பனை, அம்மாவை, உன்னை இந்த ஊருக்குக் கொண்டு வந்தது யாருடா?"

"நீங்கதான் மாமா."

"ஒரு இடம் வீணாப் போக இருந்துச்சு. வீணாக்காம விட்டேன். அது குத்தமா? அவளுக்குத்தான் நெஞ்சில நோவு. செத்துப் போயிடுவான்னுதானே எல்லாரும் நெனச்சோம்!"

"ஆனா அவங்க சாகலையே மாமா."

அவர் என் தொட்டி மீனைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "பொம்பளைக்கு வேணுங்கறது மரியாதை. அதைக் கொடுத்துட்டா அடங்கிடுவா" என்றார்.

அக்கா, அவர் சமரசம் கேட்டு உங்களிடம் ஜாஹா கொண்டுவருகிறார். இங்கிருந்து சங்கத்து ஆட்கள் நாலைந்து பேர், அம்மானில் அவருக்குத் தெரிந்த பெரியவர்கள், எல்லோரையும் கூட்டிக்கொண்டு அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் உங்கள் வாசலில் வந்து நிற்கப் போகிறார். அத்தனை நரைத்த தலைகளும் காப்பியைக் குடிக்காமல் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தால் உங்களால் மறுக்க முடியாது என்பது அவர் கணக்கு. ஆண் துணை இல்லாத வீடு, உங்கள் சார்பில் யாராவது கிழவர் 'குடிங்க' என்று சம்மதம் சொல்லிவிடுவார், முடிந்தது கதை என்று நினைக்கிறார்.

நீங்கள் என்ன செய்தாலும் நான் உங்கள் பக்கம். இதை முன்பே எழுதியிருக்க வேண்டும்.

நுமான்


பகா முகாம்
27 ஏப்ரல் 2019

என் தம்பி நுமானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் மிக நலம். நேற்று ராத்திரி குழந்தை மாதிரித் தூங்கினேன்.

வந்தார்கள். சந்து முழுக்கக் கோட்டும் தலைத்துணியுமாக. பக்கத்து வீட்டு அபூ ஸியாத் காலையிலேயே சவரம் செய்து, அத்தர் பூசி, என் சார்பில் பேசத் தயாராக நின்றார். "உனக்கு ஆம்பளை இல்லையேன்னு கவலைப்படாதே மகளே, நான் பேசிக்கறேன்" என்றார்.

"நீங்க காப்பி ஊத்துங்க போதும், அபூ ஸியாத்" என்றேன்.

வீட்டில் அத்தனை பேருக்கு இடமேது? சலூனில் உட்கார வைத்தேன். யோசித்துப் பார், நுமான். அம்மானின் பெரிய மனிதர்கள், முடி உலர்த்தும் இயந்திரங்களுக்கு அடியில் வரிசையாக! எதிரே கண்ணாடி, மேலே மணப்பெண்கள் படம். கூட்டத்துக்குத் தலைமை தாங்கி வந்த ஹாஜி அபூ மர்வான், தலைக்கு மேல் தொங்கிய மூடியில் தலைத்துணி இடிக்காமல் இருக்கக் கழுத்தைச் சாய்த்தே உட்கார்ந்திருந்தார். மாமாவை நடு நாற்காலியில் உட்கார்த்தினேன், சுற்றும் நாற்காலி அது. பாவம், அசைந்தால் திரும்பிக்கொண்டே இருந்தது.

காப்பி வந்தது. ஹாஜி வாங்கித் தொடாமல் கீழே வைத்தார். எல்லோரும் வைத்தார்கள்.

"மகளே, உன் வாசல் தேடி வந்திருக்கோம். கேட்டது கிடைச்சாத்தான் இந்தக் காப்பி எங்க தொண்டையில இறங்கும்."

"என்ன வேணும் ஹாஜி?"

"உன் தம்பி நாடகத்துல குடும்ப விஷயம் வரக் கூடாது. நீ யாருக்கும் எழுதிப் போடக் கூடாது. பழசை மன்னிச்சிடணும். ஃபவ்வாஸ் மகளோட வாழ்க்கை இதுல இருக்கு."

"ஃபவ்வாஸுக்கு மகளா? பிள்ளையே இல்லைன்னு அமெரிக்காவுல எழுதிக் கொடுத்தவராச்சே!"

சிகாகோ ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களுக்கு ஒன்றுமே சொல்லாமல் கூட்டி வந்திருக்கிறார். ஏதோ சொத்துத் தகராறு என்று நினைத்து வந்திருக்கிறார்கள்.

நான் சொன்னேன்: "எனக்கு ஒண்ணே ஒண்ணு போதும். அந்தப் பொண்ணு பேர் என்னன்னு மாமா தன் வாயால சொல்லட்டும். நான் 'குடிங்க'ன்னு சொல்லிடறேன்."

ஹாஜி முகம் மலர்ந்துவிட்டது. "இவ்வளவுதானா! சொல்லுங்க ஃபவ்வாஸ்."

மாமா தொண்டையைச் செருமினார். "சுஹைலா."

"அது என் பேரு."

"எல்லாரும் அவளை அப்படித்தான் கூப்பிடறாங்க."

"பொறந்த அன்னிக்கு நீங்க அவ காதுல சொன்ன பேரைக் கேக்கறேன் மாமா."

மாமா வாயைத் திறந்தார், சங்கத்து ஆட்களைப் பார்த்தார், மூடினார். நாற்காலி அவரைக் கண்ணாடிப் பக்கம் திருப்பிவிட்டது. அவர் முகத்தை அவரே பார்க்க வேண்டியதாயிற்று.

உண்மையைச் சொல்லட்டுமா? எங்கே சொல்லிவிடுவாரோ என்று எனக்குப் பயம். சொல்லியிருந்தால் நான் மன்னித்தாக வேண்டும். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, சொல்லாதே, சொல்லாதே என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டு நின்றேன்.

அவர் எழுந்துவிட்டார். "பொம்பளை முன்னால பரீட்சை எழுத நான் வரல" என்று வெளியே போனார். ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் எழுந்தார்கள். ஒரு கோப்பைகூடக் காலியாகவில்லை. ஹாஜி மட்டும் வாசலில் நின்று, "விஷயம் முழுசாத் தெரியாம வந்துட்டோம் மகளே" என்று தலையைக் குனிந்துகொண்டார். சந்தில் பெண்களெல்லாம் ஜன்னலில்! உம் ஃபாதி குலவையே போட்டிருப்பாள், நான்தான் வாயைப் பொத்தினேன்.

மற்றக் கோப்பைகளைக் கழுவிவிட்டேன். மாமாவின் கோப்பையைக் கழுவவில்லை. காப்பி காய்ந்து ஒட்டட்டும் என்று சாய டப்பாக்களுக்குப் பக்கத்தில் அலமாரியில் வைத்திருக்கிறேன்.

தூதரகத் தாள் இன்னும் மேசையில்தான் இருக்கிறது. என் கேள்விக்கு நீ பதில் எழுதவில்லை.

உன் அக்கா,
சுஹைலா


பிரிட்ஜ்வியூ
2 ஜூலை 2019

அன்பு அக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பெருநாள் வாழ்த்துகூடச் சொல்லாமல் இருந்ததற்குக் காரணம் இருக்கிறது. எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியாமல் பல தாள்களைக் கிழித்தேன்.

மாமா திரும்பி வருவதற்கு முன்பே செய்தி வந்துவிட்டது. கடைக்கு ஆட்கள் இன்னும் வருகிறார்கள், குனாஃபா வாங்குகிறார்கள். ஆனால் அவர் கொடுக்கும் காப்பியை மேசையில் வைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். யாரும் கூடிப் பேசி முடிவு செய்யவில்லை. அவர் ஒவ்வொரு கோப்பையாக எடுத்துக் கொட்டுகிறார். சங்கத் தேர்தலில் நிற்கவில்லை.

அவளுக்குச் சப்பாத்து நினைவிருக்கிறதா என்ற உங்கள் கேள்விக்கு வருகிறேன். சப்பாத்துக் காட்சியைப் போன மாதம் எடுத்தோம். நான் அவளிடம் எதுவும் சொல்லியிருக்கவில்லை. அவள் வழக்கம்போல் எல்லோருக்கும் திராட்சை இலைச் சுருட்டல் கொண்டுவந்திருந்தாள். பாத்திரத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு கேமராவுக்குப் பின்னால் நின்றாள். சிறுமி சிவப்புச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு ஓடிப்போய் விமானப் படியில் ஏறுகிறாள். டைரக்டர் 'பிரமாதம்' என்றார்.

"இல்ல" என்று ஒரு குரல். எல்லோரும் திரும்பினார்கள். அவள் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு சிறுமியிடம் போனாள்.

"ஓடியிருக்க முடியாதும்மா. சப்பாத்து சின்னது. குதிகாலை உள்ள நுழைக்கவே முடியல. பின்பக்கத்தை மடிச்சு மிதிச்சுக்கிட்டுதான் நடந்தேன். கால்ல ரத்தம். அழுதா கண்டுபிடிச்சிடுவாங்கன்னு அழல."

பிறகு என்னைப் பார்த்தாள். "மெதுவா நடக்கச் சொல்லு, நுமான். இந்தக் காட்சியைத் தப்பா எடுத்துடாதே."

அன்று மாலை உங்கள் கடிதங்கள் எல்லாவற்றையும் அவளிடம் கொடுத்தேன். வக்கீலிடம் போனாள். சாகிறவரைக்கும் வாயைத் திறக்காதீர்கள் என்றார் அவர். அவள் வேறு வக்கீலைப் பிடித்து, குடியேற்ற அலுவலகத்துக்கே போய், என் பெயர் இதுவல்ல என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். வழக்கு நடக்கும். என்ன ஆகும் என்று ஒருவருக்கும் தெரியாது. பிள்ளைகள் அழுகிறார்கள், அவள் சமைக்கிறாள்.

கதை இந்த இலையுதிர் காலத்தில் வரும். கரீமின் அக்காவுக்கு இனி வேறு பெயர்.

உங்கள் தம்பி,
நுமான்


பிரிட்ஜ்வியூ
9 ஆகஸ்ட் 2019

சுஹைலாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். சுகமா என்று கேட்க எனக்கு உரிமை இருக்கிறதா தெரியவில்லை. இந்தப் பெயரை அடுத்தவருக்கு எழுதுவது இதுதான் முதல் தடவை. எப்போதும் கடைசி வரியில்தான் எழுதியிருக்கிறேன்.

மன்னிப்புக் கேட்க எழுதவில்லை. கேட்டால் நீ கொடுக்க வேண்டியதாகிவிடும். ஒரு விஷயம் சொல்லத்தான் எழுதுகிறேன், உனக்குப் பிடிக்கும்.

போன வாரம் அவர் வந்தார். நான் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். கம்பிக் கதவுக்கு வெளியே நின்று, தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி, "விஜ்தான்! விஜ்தான்!" என்று கூப்பிட்டார். பக்கத்து வீட்டு மெக்சிகோக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். அந்தப் பெயரைக் கேட்டதும் கத்தியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனேன். இத்தனை வருஷம் எதற்காகக் காத்திருந்தேனோ அது வாசலில் நிற்கிறது.

கதவைத் திறக்காமல் சொன்னேன்: "எந்த விஜ்தான், மாமா? உங்களுக்குத்தான் பிள்ளையே இல்லையே."

காப்பியாவது கொடு என்றார் அவர். உங்க கோப்பை இன்னும் அங்கே சுஹைலாவோட அலமாரியில இருக்கு என்றேன். போய்விட்டார்.

நீ என் தலையில் பேன் பார்க்கும்போது காதோரம் இழுத்து வலிக்க வைப்பாய். வேண்டுமென்றேதான் செய்வாய். எனக்கு நினைவிருக்கிறது.

விஜ்தான்


பகா முகாம்
1 செப்டம்பர் 2019

அன்பு விஜ்தானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் சுகம். உன் முழங்கால் எப்படி? உரிமை கேட்காமல் விசாரிக்கிறேன், நீயும் இனி அப்படியே விசாரி.

'எந்த விஜ்தான், மாமா?' அந்த வரியை சலூனில் சத்தமாக வாசித்தேன். உம் ஃபாதி மறுபடி மறுபடி வாசிக்கச் சொன்னாள். எனக்கும் அலுக்கவில்லை. இத்தனை காலம் என் பழியை நான் தனியாகச் சுமக்கிறேன் என்றல்லவா நினைத்தேன்! இன்னொரு பாதி உன்னிடம் இருந்திருக்கிறது.

பேன் பார்க்கும்போது இழுத்தது வேண்டுமென்றேதான். உன் முடி என்னுடையதைவிட நீளம்.

சப்பாத்து சின்னது என்று எனக்குத் தெரியாது. அதைப் போட்டுக்கொண்டு நீ ஆடிக்கொண்டு போனதாகத்தான் இத்தனை வருஷமாக நினைத்து எரிந்துகொண்டிருந்தேன். உன் கால் அளவை எழுது.

தூதரகத்துக்கு எழுதிய தாளில் சாயத்தைத் தடவி நிறம் பார்த்துவிட்டேன். அது இனி எதற்கும் ஆகாது. அவர்கள் உன்னை இங்கே அனுப்பிவிட்டால் பயப்படாதே. சலூனில் இரண்டாவது நாற்காலி சும்மாதான் கிடக்கிறது. முதல் மாதம் கீழே கிடக்கும் முடியைக் கூட்ட வேண்டும், சொல்லிவிட்டேன். அனுப்பாவிட்டால், சுஹைலா என்ற பெயர் அங்கே காலியாகிறது. நான் விசாவுக்கு மனுப் போடுவேன்.

வரும் வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் உனக்குப் போன் செய்வேன். நுமான் அப்புறம் பேசட்டும். நான் என் பெயரைச் சொல்வேன், நீ உன் பெயரைச் சொல்ல வேண்டும். வேறு பெயர் சொன்னால் வைத்துவிடுவேன், என் குணம் உனக்குத் தெரியும்.

இந்தக் கடிதத்தோடு ஒரு பொட்டலம் வருகிறது. துணியில் சுற்றி, கொண்டுவருகிறவரிடம் உடையாமல் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். மாமாவின் கோப்பை. அவர் மகள் நீ. அவர் உன் வாசலுக்கு மறுபடி வருவார், வராமல் இருக்க முடியாது. அப்போது அதில் ஊற்றி முன்னால் வை. 'குடிங்க' என்று சொல்வதும் சொல்லாததும் இனி உன் வாயில் இருக்கிறது, நான் குறுக்கே வர மாட்டேன். கழுவிவிட்டு ஊற்றுவதா, கழுவாமல் ஊற்றுவதா என்பதையும் நீயே முடிவு செய்.

நானாக இருந்தால் கழுவ மாட்டேன்.

சுஹைலா